60 கோடித் திட்டத்துக்கு முன் ஒரு அளவுகோல்: சிறு நகராட்சியின் குடிநீரைச் சீரமைப்பது எப்படி, பணம் எங்கிருந்து

கேள்வி இதுதான். 60,000 பேர் வாழும் நகராட்சி. 1980களில் போட்ட ஆற்றுக் குடிநீர்த் திட்டம். 12 கிலோமீட்டர் தள்ளி ஆற்றுப் படுகையில் சேகரிப்புக் கிணறு, அங்கிருந்து 350 மி.மீ. பிரதானக் குழாய், ஊருக்குள் மூன்று மேல்நிலைத் தொட்டிகள், தெருக்களில் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாய். தண்ணீர் வருவது நாலு நாளைக்கு ஒரு முறை, இரண்டு மணி நேரம். 60 கோடி ரூபாயில் புதுத் திட்டம் என்ற பேச்சு மன்றத்தில் ஓடுகிறது. எங்கிருந்து தொடங்குவது, பணம் எப்படித் திரட்டுவது, எங்கே ஏமாறுவோம் என்று ஒரு வார்டு உறுப்பினர் கேட்கிறார்.

புதுத் திட்டம் வேண்டுமா வேண்டாமா என்று இந்த நிலையில் யாரும் சொல்ல முடியாது. ஊருக்கு எவ்வளவு தண்ணீர் வந்து சேர்கிறது என்பதே தெரியாதபோது எவ்வளவு குறைகிறது என்று எப்படிச் சொல்வது? பதிவேட்டில் ‘நாளொன்றுக்கு 55 லட்சம் லிட்டர்’ என்று இருக்கும். அந்த எண் எப்படி வந்தது என்று நீரேற்று நிலைய ஆபரேட்டரைக் கேளுங்கள். மோட்டார் ஓடிய மணியை பம்பின் பெயர்ப்பலகையில் உள்ள அளவால் பெருக்கி எழுதியிருப்பார். மணல் கலந்த ஆற்று நீரில் பத்து வருஷம் ஓடித் தேய்ந்த இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்), பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு ஓடுவதில்லை.

ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். 55 லட்சத்தை 60,000-ஆல் வகுத்தால் ஆளுக்கு 92 லிட்டர். நாலு பேர் உள்ள வீட்டுக்கு நாலு நாள் பங்கு ஏறத்தாழ 1,470 லிட்டர். தண்ணீர் வரும் அன்று அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு சாதாரண வீட்டில் எவ்வளவு பிடிக்கிறார்கள்? 200 லிட்டர் டிரம் மூன்று, நாலு குடம், ஒரு தொட்டி. 700, 800 லிட்டரைத் தாண்டாது. மீதி எங்கே? மூன்றில் ஒன்று: பம்ப் அவ்வளவு இறைக்கவே இல்லை, அல்லது வழியிலும் மண்ணுக்குள்ளும் போகிறது, அல்லது குழாயின் தலைப்பில் உள்ள வீடுகள் மோட்டார் வைத்து உறிஞ்சி சம்ப்பை நிரப்பிக்கொள்கின்றன. பெரும்பாலும் மூன்றும் கலந்தே இருக்கும். ஆனால் மூன்றுக்கும் மருந்து வேறு, விலையும் வேறு. முதலாவது சில லட்சங்களில் தீரும். இரண்டாவதற்குக் கோடிகள் ஆகும். மூன்றாவதற்குப் பணத்தைவிட மன்றத்தின் துணிச்சல்தான் அதிகம் வேண்டும்.

அளப்பதற்கு முதலில் கருவிகூடத் தேவையில்லை. மேல்நிலைத் தொட்டியே பெரிய மீட்டர்தான். 10 லட்சம் லிட்டர் தொட்டி ஒன்றின் உள்விட்டம் 14 மீட்டர் என்றால் பரப்பு 154 சதுர மீட்டர். நீர்மட்டம் 1 செ.மீ. ஏறினால் 1,540 லிட்டர் வந்திருக்கிறது என்று அர்த்தம். வெளியேறும் வால்வை மூடி, மற்ற தொட்டிகளுக்குப் போகும் வால்வுகளையும் மூடி, மொத்தத் தண்ணீரையும் இந்த ஒன்றுக்குத் திருப்பி ஒரு மணி நேரம் விடுங்கள். 18 மணி நேரம் ஓடி 55 லட்சம் வருவது உண்மையானால் மட்டம் 198 செ.மீ. ஏற வேண்டும். 140 செ.மீ.தான் ஏறியது என்றால் வருவது நாளைக்கு 39 லட்சம்தான். அளவுகோலை தொட்டிச் சுவரில் பெயின்ட்டில் எழுதி வைத்துவிட்டால் இந்தச் சோதனையை மாதம் ஒரு முறை யாரும் செய்யலாம். சோதனைக்கு முன் வால்வுகள் முழுதாக மூடுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்லூயிஸ் வால்வின் அடியில் மணல் சேர்ந்து, சக்கரம் இறுகிய பிறகும் நாலில் ஒரு பங்கு தண்ணீர் நழுவிக்கொண்டிருப்பது சாதாரணம்.

அடுத்தது ஆற்றங்கரையில் கிளம்பிய அளவும் ஊருக்கு வந்த அளவும் ஒன்றுதானா என்பது. குழாயின் மேலே கட்டி அளக்கும் அல்ட்ராசோனிக் மீட்டர் வாடகைக்குக் கிடைக்கும்; மின் தணிக்கை செய்பவர்களிடம் இருக்கும். இரண்டு முனையிலும் ஒரே நாளில் அளந்தால் பிரதானக் குழாயின் இழப்பு தெரிந்துவிடும். இழப்பு இருந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் ஏர் வால்வுகள், அதாவது குழாயில் சேரும் காற்றை வெளியேற்றும் வால்வுகள். வழியோர ஊர்களில் ஏர் வால்வின் மூடி தளர்த்தப்பட்டு, சுற்றிலும் ஒரு பள்ளம் தோண்டி, அதில் கல் போட்டு, குடங்கள் வரிசையில் நிற்கும். அதை வெல்டிங் வைத்து அடைத்தால் அடுத்த வாரம் குழாயே உடையும். அந்த ஊராட்சியோடு பேசி, மீட்டர் வைத்த ஒரு முறையான இணைப்பும் சின்டெக்ஸ் தொட்டியும் கொடுப்பதுதான் மலிவு. ஏர் வால்வை அடைத்தால் இன்னொரு கேடும் உண்டு: மேடான இடத்தில் காற்று தேங்கி, குழாயின் குறுக்களவே சுருங்கிய மாதிரி ஓட்டம் குறையும், மின்சாரம் திடீரென நிற்கும்போது நீரதிர்வில் இணைப்பு பிய்த்துக்கொள்ளும்.

தெருக் குழாய்களில் இழப்பைக் காண்பது கடினம், ஏனென்றால் 24 மணி நேரம் ஓடும் ஊர்களில் செய்கிற மாதிரி நடுநிசி ஓட்டத்தை (யாரும் பிடிக்காத நேரத்திலும் ஓடுவதை) அளக்க இங்கே தண்ணீர் ஓடுவதே இல்லை. இதற்கு நடைமுறையில் ஒரு வழி உண்டு. தனியாகப் பிரிக்கக்கூடிய ஒரு சிறு பகுதியை, சுமார் 300 இணைப்புகள் உள்ளதாக, தேர்ந்தெடுங்கள். முதல் நாளே தண்டோரா போடுங்கள் அல்லது ஆட்டோவில் மைக் வைத்துச் சொல்லுங்கள். குறிப்பிட்ட ஒரு மணி நேரம் எல்லா வீட்டிலும் குழாயை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, லைனில் தண்ணீரை விட்டு, குழாய் நிரம்பிய பிறகு தொட்டியில் எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று பாருங்கள். இறங்குவதெல்லாம் கசிவும் கள்ள இணைப்பும்தான். அன்றைக்கே கடைசி வீட்டில் ஒரு பிரஷர் கேஜையும் மாட்டிப் பாருங்கள்.

இன்னொரு அளவு காகிதத்தில் இருக்கிறது. சொத்து வரி விதிப்பு எத்தனை, குடிநீர் இணைப்பு எத்தனை? 15,000 வீட்டு வரிவிதிப்புக்கு 9,000 இணைப்பு என்றால், மீதி 6,000 வீடுகள் எல்லாம் தெருக்குழாயிலா பிடிக்கின்றன? போய்ப் பார்த்தால் தெரியும். வரி வசூலிப்பவரின் பட்டியலும், குழாய் இணைப்பு வேலை பார்க்கும் பிட்டரின் ஞாபகமும் ஒத்துப்போகாத இடத்தில்தான் நகராட்சியின் வருமானம் இருக்கிறது.

பம்பை மாற்றலாமா என்பதற்கும் ஒரு எளிய சூத்திரம் உண்டு. ஒரு கனமீட்டர் தண்ணீரை ஒரு மீட்டர் உயர்த்த 2.725 வாட்மணி போதும் (1,000 வாட்மணி ஒரு யூனிட்). மணிக்கு 215 கனமீட்டர், மொத்த ஹெட் (ஏற்ற வேண்டிய உயரமும் உராய்வு இழப்பும் சேர்ந்தது) 70 மீட்டர் என்றால் தேவையானது 41 யூனிட். மின் மீட்டரில் அந்த ஒரு மணி நேரத்தில் 75 யூனிட் ஓடியிருந்தால் பம்ப்பும் மோட்டாரும் சேர்ந்த திறன் 55 சதவீதம். நல்ல செட் 65-க்கு மேல் கொடுக்கும். ஆனால் பலரும் இங்கேதான் வழுக்குகிறார்கள்: தண்ணீர் போதவில்லை என்று பழைய குழாயிலேயே பெரிய மோட்டாரைப் போடுவது. குழாயில் ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் உராய்வு இழப்பு இரண்டு மடங்கு ஆகாது, 3.6 மடங்கு ஆகும். கரண்ட் பில் எகிறும், பழைய குழாய் வெடிக்கும், தொட்டிக்கு வரும் தண்ணீர் கொஞ்சம்தான் கூடும்.

இந்த அளவுகளுக்கெல்லாம் மூன்று மாதம் போதும். இவை கையில் இருந்தால்தான் விரிவான திட்ட அறிக்கை தயாரிக்க வரும் ஆலோசகரிடம் பேச்சுக் கொடுக்க முடியும். இல்லாவிட்டால் பக்கத்து ஊர் அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றிய ஒன்று வந்து சேரும்.

இனி வடிவமைப்பு. பாதாளச் சாக்கடை உள்ள அல்லது வரப்போகிற நகரங்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் குடிநீர்க் கையேடு சொல்லும் அளவு. இழப்பை 15 சதவீதத்துக்குள் பிடித்தாக வேண்டும். இன்றைய 60,000 பேருக்கு 81 லட்சம் லிட்டர், இழப்பையும் சேர்த்தால் 95 லட்சம். 15 வருஷம் கழித்து 72,000 பேர் என்று கொண்டால் 1 கோடியே 14 லட்சம். 30 வருஷத்துக்கு 86,000 என்றால் 1 கோடியே 37 லட்சம். குழாய்களை 30 ஆண்டுக்கும், பம்ப்செட்டுகளை 15 ஆண்டுக்கும் வடிவமைப்பது வழக்கம். பம்பையும் 30 ஆண்டுக்கே வாங்கிவிட்டால் முதல் பத்து வருஷம் வால்வைப் பாதி மூடித்தான் ஓட்ட வேண்டியிருக்கும், அதாவது மின்சாரத்தைக் காசு கொடுத்து வாங்கி வால்வில் கரைக்க வேண்டியிருக்கும்.

தேவையைக் கூட்டிக் காட்டும் ஆசை எல்லா அறிக்கையிலும் இருக்கும், மானியம் அதற்கேற்பக் கூடும் என்பதால். திருப்பூரை நினைவில் வையுங்கள். ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவர 1,000 கோடிக்கு மேல் செலவழித்த திட்டம் அது. சாயப்பட்டறைகள் வாங்கும் தண்ணீரை நம்பிப் போட்டது. கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டிய கட்டாயம் வந்தது. 2011-ல் நீதிமன்ற உத்தரவில் பட்டறைகள் மூடப்பட்டன. கணக்குப் போட்ட அளவுக்குத் தண்ணீர் வாங்க ஆள் இல்லாமல் போயிற்று. பெரிய தொழில் நகரத்துக்கே அந்தக் கதி என்றால், புதிய பேருந்து நிலையமும் வரப்போகும் சிப்காட்டும் காட்டி மக்கள்தொகையைப் பெருக்கும் சிறு ஊர் எத்தனை கவனமாக இருக்க வேண்டும்!

நீராதாரத்தைச் சோதிக்க மே மாதம்தான் ஏற்றது. டிசம்பரில் செய்த நீர்வரத்துச் சோதனை காகிதத்துக்கு மட்டும் உதவும். ஆற்று மணல் பல அடி ஆழத்துக்கு அள்ளப்பட்ட இடங்களில் படுகை இறங்கி, 40 வருஷத்துக்கு முன் கட்டிய கிணற்றின் கிடைக்குழாய்கள் தண்ணீருக்கு மேலே தெரிகின்றன. அங்கே புதுக் கிணறா, கீழே தடுப்பணையா, அல்லது குடிநீர் வடிகால் வாரியத்தின் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் ஒரு பங்கு வாங்குவதா என்று மூன்றையும் விலை போட்டுப் பார்க்க வேண்டும். வாரியத்திடம் வாங்கும் தண்ணீருக்குக் கிலோலிட்டர் கணக்கில் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். அது என்றைக்கும் தொடரும் செலவு, திட்டச் செலவில் தெரியாது. ஊருக்குள் உள்ள பழைய ஆழ்துளைக் கிணறுகளையும் கைவிட வேண்டாம். வெள்ளத்தில் ஆற்று நீரேற்று நிலையம் மூழ்கும் வாரத்தில் அவைதான் கைகொடுக்கும்.

பிரதானக் குழாயின் விட்டம்தான் முழுத் திட்டத்திலும் நீண்டநாள் பேசப்போகும் முடிவு. 15 வருஷம் கழித்துத் தேவைப்படும் 1 கோடியே 14 லட்சம் லிட்டரை 20 மணி நேரத்தில் கொண்டுவர வேண்டுமென்றால் வினாடிக்கு 158 லிட்டர். உள்ளே சிமென்ட் பூச்சு கொண்ட டக்டைல் இரும்புக் குழாய் என்று வைத்துக்கொள்வோம். 350 மி.மீ. விட்டமென்றால் உராய்வு இழப்பு கிலோமீட்டருக்கு 6.2 மீட்டர், 12 கிலோமீட்டருக்கு 74 மீட்டர். 400 மி.மீ. என்றால் 39 மீட்டர். 450 என்றால் 22 மீட்டர். இந்த அளவு தண்ணீரை ஒவ்வொரு மீட்டர் உயர்த்தவும் நாளொன்றுக்கு 48 யூனிட் ஆகும், திறன் 65 சதவீதம் என்றால். 350-க்கும் 450-க்கும் உள்ள 52 மீட்டர் வித்தியாசம் வருஷத்துக்கு 9 லட்சம் யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று போட்டாலும் 72 லட்சம் ரூபாய், ஒவ்வொரு வருஷமும். 400-க்கும் 450-க்கும் நடுவில் 24 லட்சம். இந்தச் சேமிப்பையும் குழாய் விலையில் உள்ள வித்தியாசத்துக்கான வட்டியையும் எதிரெதிரே வைத்துப் பார்த்துத்தான் விட்டத்தை முடிவு செய்ய வேண்டும். அறிக்கையில் இந்த அட்டவணை இல்லாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். மானியத்துக்குள் அடங்க வேண்டும் என்று விட்டத்தைக் குறைத்துவிட்டு, அடுத்த 30 வருஷம் மின்வாரியத்துக்கு அந்தப் பணத்தைக் கட்டிய ஊர்கள் உண்டு.

தொட்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கு கொள்ளளவு இருந்தால் நன்று. தொட்டி எங்கே வரும் என்பது அரசியல் ஆகிவிடும். நகராட்சி நிலம் இருக்கிறது என்பதற்காகப் பள்ளத்தில் கட்டிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

தெருக் குழாய்கள் அப்படியல்ல. செலவில் பெரும்பங்கு இங்கேதான் போகும், வாக்காளர் பார்ப்பதும் இதைத்தான். ஊரைத் தொட்டிவாரியாகப் பிரித்து, அதற்குள் 1,000 முதல் 2,000 இணைப்புகள் கொண்ட பகுதிகளாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே நுழைவுக் குழாய், ஒரு வால்வு, ஒரு மின்காந்த மீட்டர் என்று அமைக்க வேண்டும். மீட்டருக்கு முன்னால் குழாய் விட்டத்தின் 5 மடங்கும் பின்னால் 3 மடங்கும் வளைவோ வால்வோ இல்லாத நேர்க்குழாய் இருக்கட்டும். இடம் இல்லை என்று வளைவை ஒட்டியே மாட்டிய மீட்டர் காட்டும் எண்ணுக்கு மதிப்பில்லை. பக்கத்துப் பகுதிகளோடு உள்ள பழைய இணைப்புகளைத் தோண்டி எடுத்துத் துண்டிக்க வேண்டும். வரைபடத்தில் துண்டித்தால் போதாது. எந்த மூலையில் எந்த ‘டீ’ (குழாய் கிளை பிரியும் இணைப்பு) புதைந்திருக்கிறது என்பது ஓய்வுபெறப் போகும் பிட்டருக்கு மட்டுமே தெரிந்திருக்கும். அவர் ஓய்வு பெறுவதற்கு முன் அவரோடு ஒரு இளநிலைப் பொறியாளரைத் தெருத்தெருவாக நடக்கவிட்டு, செல்போனில் இடக்குறியோடு படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆலோசகர் கொண்டுவரும் வரைபடத்தைவிட அது மதிப்பானது.

ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாய் கரிசல் மண்ணில் வெயில் காலத்தில் வெடிக்கும். ஜேசிபி தட்டினாலும் உடையும். மாற்றும்போது அதைத் தோண்டி எடுக்காமல் மண்ணிலேயே விட்டுவிடுவது நல்லது. காய்ந்த நிலையில் அறுத்தால் பறக்கும் இழைத் தூசு நுரையீரலுக்குக் கேடு. புதுக் குழாய்க்கு மேல் 1 மீட்டர் மண் மூட்டம் வேண்டும். சாக்கடைக் குழாயிலிருந்து 3 மீட்டர் தள்ளியோ, முடியாத இடத்தில் அதற்கு அரை மீட்டர் மேலாகவோ போக வேண்டும். வீட்டு இணைப்புகளைப் பழைய ஜி.ஐ. குழாயிலிருந்து புது லைனுக்கு அப்படியே மாற்றிக் கொடுத்தால் பாதி வேலை வீண், ஏனென்றால் கசிவில் பெரும்பகுதி வீட்டு இணைப்புகளில்தான் இருக்கிறது. தெருக் குழாயில் வீட்டு இணைப்பைப் பிடித்து நிறுத்தும் சேடில், பெரூல், நீல நிற பாலிஎத்திலீன் குழாய், மீட்டர் எல்லாம் ஒப்பந்தத்திலேயே சேர்ந்திருக்க வேண்டும்.

மோட்டார் வைத்து உறிஞ்சும் பிரச்சினைக்குப் பறிமுதல் மட்டும் தீர்வல்ல. குழாயில் அழுத்தம் இல்லாததால்தான் மோட்டார் வைக்கிறார்கள்; மோட்டார் வைப்பதால் கடைக்கோடியில் அழுத்தம் இல்லை. ஒரு பகுதியில் முதலில் அழுத்தத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு மோட்டாரைப் பிடுங்கினால் எதிர்ப்பு வராது. மோட்டாரால் இன்னொரு ஆபத்தும் உண்டு. லைனில் தண்ணீர் நின்ற பிறகும் அது உறிஞ்சும்போது குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, ஓட்டை வழியாகச் சாக்கடை நீர் உள்ளே வரும். தண்ணீர் விட்ட முதல் பத்து நிமிஷம் கலங்கலும் நாற்றமும் வருவது அதனால்தான். கடைக்கோடி வீட்டில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். அதை அளக்கும் குளோரோஸ்கோப்பின் விலை அதிகமில்லை. 80 லட்சம் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் போட 16 கிலோ குளோரின் வேண்டும், 33 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடரில் 48 கிலோ. மழைக்காலத்தில் ஈரத்தில் கிடந்து வீரியம் 20-க்கு இறங்கினால் அதே வேலைக்கு 80 கிலோ.

24 மணி நேரமும் குடிநீர் என்பது நடக்காத கதையல்ல. ஒடிசாவின் பூரி நகரம் 2021-ல் அதை எட்டியது. அங்கே ‘ஜல சாத்தி’ என்ற பெயரில் சுயஉதவிக் குழுப் பெண்கள் வீடுவீடாகப் போய் மீட்டர் படிக்கிறார்கள், தண்ணீரைச் சோதிக்கிறார்கள், கட்டணம் வசூலிக்கிறார்கள், அதற்குத் தரகும் பெறுகிறார்கள். ஆனால் நாலு நாளைக்கு ஒரு முறை கொடுக்கும் ஊர், முதலில் தினமும் இரண்டு மணி நேரத்தை இலக்காக வைக்கட்டும். ஒரே ஒரு பகுதியில் 24 மணி நேரத்தைச் செய்து காட்டிவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

பணம். 2021 அக்டோபரில் தொடங்கி 2025-26 வரை வகுக்கப்பட்ட, நகரக் குடிநீருக்கான மத்திய அரசின் அம்ருத் 2.0 திட்டம், 1 லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள ஊர்களின் திட்டங்களுக்கு மத்தியப் பங்கு 50 சதவீதம் என்றும், 1 முதல் 10 லட்சம் வரை மூன்றில் ஒரு பங்கு என்றும் வைத்தது. தவணை 20, 40, 40 சதவீதமாக வகுக்கப்பட்டது. அடுத்து வரும் திட்டத்துக்குப் பெயர் மாறலாம். பாதிக்கு மேல் மத்திய அரசு தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 15-வது நிதிக்குழு 2021-26 காலத்தில் சிறு நகரங்களுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் கட்டுண்டது, அதாவது சொன்ன பணிக்கு மட்டுமே செலவழிக்கலாம். அதில் பாதி குடிநீருக்கும் மழைநீர் சேகரிப்புக்கும், பாதி துப்புரவுக்கும். மாநிலத்தில் கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. கடனுக்குத் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியமும், நகர்ப்புறக் கட்டமைப்புக்குக் கடன் தரும் மாநில அரசு நிறுவனமான டுஃபிட்கோவும்.

தவணை முறையில் ஒரு பொறி உண்டு. முதல் 20 சதவீதம் வந்ததும் ஒப்பந்ததாரர் குழாய்களை இறக்கிவிட்டு 40 சதவீதத்துக்கு பில் போடுவார். அடுத்த தவணை பயன்பாட்டுச் சான்று போய் வரும்வரை வராது. இடைவெளியில் பணம் தர நகராட்சியிடம் இல்லையென்றால் தோண்டிய தெரு தோண்டியபடி கிடக்கும். அதனால் குழாய்க்கான தொகையை ‘இறக்கியதும் இவ்வளவு, பதித்துச் சோதித்ததும் இவ்வளவு’ என்று ஒப்பந்தத்திலேயே பிரித்துவிட வேண்டும். எஸ்டிமேட்டில் இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். உள்ளாட்சிப் பணி ஒப்பந்தங்களுக்கான ஜி.எஸ்.டி. 2022 ஜூலையில் 12-லிருந்து 18 சதவீதமானது. பழைய எஸ்டிமேட்டை நகலெடுத்தால் அங்கேயே 6 சதவீதம் துண்டு விழும். சாலையைத் திரும்பப் போடும் செலவு, நெடுஞ்சாலைத் துறைக்கும் ரயில்வேக்கும் கட்டும் தொகை, மின் இணைப்புக்கான வைப்புத்தொகை ஆகியவை உள்ளே இருக்கின்றனவா?

மானியம் குழாய் போட்டுத் தரும். கரண்ட் பில் கட்டாது. 60 கோடியில் மானியமும் மக்கள் வைப்புத்தொகையும் போக 12 கோடியைக் கடனாக வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8.5 சதவீத வட்டி, 15 வருஷம் என்றால் ஆண்டுத் தவணை 1 கோடியே 44 லட்சம். இணைப்புகள் 12,000 என்றால் இணைப்புக்கு மாதம் 100 ரூபாய், கடனுக்கு மட்டும். வசூல் 75 சதவீதம்தான் என்றால் 133. மின்சாரம்: நாளைக்கு 95 லட்சம் லிட்டர், மொத்த ஹெட் 80 மீட்டர் என்றால் வருஷம் 11.6 லட்சம் யூனிட், 93 லட்சம் ரூபாய், இணைப்புக்கு மாதம் 65. இதற்கு மேல் ஆபரேட்டர் சம்பளம், குளோரின், பழுது. இப்போது மாதக் கட்டணம் 100 ரூபாய் என்றிருந்தால் அதை எந்த வருஷம் எவ்வளவுக்கு ஏற்றுவது என்ற தீர்மானம், கடனுக்கான தீர்மானத்துடன் ஒரே கூட்டத்தில் நிறைவேற வேண்டும். தேர்தலுக்குப் பிறகு பார்க்கலாம் என்று ஒத்திவைத்தால் தவணை மாநில நிதிக்குழு மானியத்திலிருந்து பிடிக்கப்பட்டு, துப்புரவுப் பணியாளர் சம்பளத்தில் கை வைக்கும்.

கடன் கொடுப்பவர்கள் பார்ப்பது இரண்டு விகிதங்கள்: வருவாய்க்குள் செலவு அடங்குகிறதா, மொத்த வருவாயில் கடன் தவணைகள் 30 சதவீதத்தைத் தாண்டுகின்றனவா. நம் நகராட்சிகளில் குடிநீர் மற்றும் வடிகால் நிதி என்று தனிக் கணக்கு இருப்பது நல்ல வசதி. ஆனால் அந்த நிதியிலிருந்து பொது நிதிக்குக் ‘கைமாற்றாக’ எடுத்துத் திரும்பாத தொகை எவ்வளவு என்று கணக்காளரிடம் கேட்டு வாங்குங்கள். சில ஊர்களில் அதுவே ஒரு பம்ப்செட் விலை இருக்கும்.

தனியாகச் சந்தையில் கடன் பத்திரம் வெளியிடச் சிறு நகராட்சியால் முடியாது. சேர்ந்து போக முடியும். 2002-03-ல் தமிழ்நாட்டின் பத்துக்கும் மேற்பட்ட சிறு உள்ளாட்சிகளின் குடிநீர், வடிகால் திட்டங்களுக்காக ஒரு கூட்டு நிதியம் 30.41 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது. 15 ஆண்டு, 9.2 சதவீத வட்டி, அசலில் பாதிக்கு அமெரிக்க உதவி நிறுவனத்தின் உத்தரவாதம். மக்களிடம் முன்பணம் கேட்பதற்குச் சென்னையை ஒட்டிய ஆலந்தூர் எடுத்துக்காட்டு. அது பாதாளச் சாக்கடைத் திட்டம்தான்; ஆனால் 1990களின் இறுதியில் குடியிருப்போர் சங்கங்கள் வழியாகப் பேசி வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை திரட்டினார்கள். உங்கள் ஊரில் இணைப்பில்லாத அந்த 6,000 வீடுகளில் 3,000-ஐ வரன்முறைப்படுத்தி ஆளுக்கு 8,000 வாங்கினால் 2.4 கோடி. ஒரே தவணையில் கேட்காமல் ஐந்து தவணையாகக் கேட்டால் வரும். அந்தப் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, இருப்பை நகராட்சி அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள்.

வேலை நடக்கும்போது நகர்மன்ற உறுப்பினர் நேரில் நின்று பார்க்க வேண்டியது ஒன்றுண்டு: அழுத்தச் சோதனை. குழாயை மூடுவதற்கு முன், வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஏற்றி, கேஜ் இறங்குகிறதா என்று பார்ப்பது. 500 மீட்டருக்கு ஒரு முறை செய்ய வேண்டியதை, போக்குவரத்து நிற்கிறது என்று சொல்லி மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, கடைசியில் மொத்தமாகச் செய்துகொள்ளலாம் என்பார்கள். கடைசியில் கசிவு எங்கே என்று யாருக்கும் தெரியாது. தார் போட்ட பிறகு தோண்டவும் விடமாட்டார்கள். சோதனை முடிந்த துண்டுக்கு மட்டுமே பில். இதில் ஒப்பந்ததாரரோடு முகம் கோணினாலும் பரவாயில்லை.

ஒப்பந்தத்திலேயே ஐந்து வருஷப் பராமரிப்பைச் சேர்த்து, தொகையில் ஒரு பகுதியை இழப்பின் அளவோடு கட்டிவையுங்கள். பகுதி மீட்டருக்கும் வீட்டு மீட்டர்களின் கூட்டுத்தொகைக்கும் வித்தியாசம் 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்த மாதத் தொகை குறையும் என்பது போல. போட்டவரே பராமரிக்க வேண்டும் என்றால் சேடிலை ஒழுங்காக முடுக்குவார்.

வரிசை இதுவாக இருக்கட்டும்: இந்தக் கோடையில் தொட்டி அளவும் நீராதாரச் சோதனையும், மழைக்கு முன் பம்ப், ஏர் வால்வு, நழுவும் வால்வுகளை நகராட்சியின் சொந்தப் பணத்தில் மாற்றுவது, அந்த எண்களை வைத்து அறிக்கை, கட்டணத் தீர்மானம், பிறகு மானிய விண்ணப்பம். பம்பையும் வால்வுகளையும் மாற்றிய பிறகு தொட்டியை இன்னொரு முறை அளந்து பாருங்கள். 39 லட்சம் 50 ஆகியிருந்தால், நாலு நாள் மூன்று நாளாகும்; 60 கோடி அறிக்கையின் முதல் பக்கத்தில் உள்ள ‘தற்போதைய வழங்கல்’ என்ற எண்ணையும் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.